முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

நாடுகளை எனக்கு மில்லிமீட்டரில்தான் தெரியும்.
ஐரோப்பா முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து.
கனடா கொஞ்சம் தாராளம், ஐம்பதுக்கு எழுபது.
சீனா முப்பத்துமூன்றுக்கு நாற்பத்தெட்டு.
அமெரிக்கா மட்டும் அங்குலத்தில் கேட்கும்:
இரண்டுக்கு இரண்டு, நல்ல சதுரம்.

அக்ராவில், விசா அலுவலகத்தின் எதிர்ச்சாரியில்
ஒரு பச்சைக் குடை, ஒரு பிளாஸ்டிக் முக்காலி,
இரண்டு கழிகளில் கட்டிய வெள்ளைப் படுதா.
ஜிஃபாவின் கடை என்றால் காவலாளிக்குத் தெரியும்.
ஹர்மாட்டான் காற்று இறங்கிவிட்டால்
படுதாவை நாளுக்கு இரண்டு முறை துவைக்கிறேன்.
தூசி படிந்த வெள்ளையை
எந்தத் தேசமும் ஏற்பதில்லை.

கண்ணாடியைக் கழற்றுங்கள்.
தலைத்துணி காதுக்குப் பின்னால் போகட்டும்.
பல் தெரியக் கூடாது.
ஐயோ, அழுமூஞ்சியும் வேண்டாம்.
ஆளில்லாத வீட்டின் கதவுபோல் இருங்கள்.

ஆறரைக்கே வரிசை வந்துவிடும்.
செவிலி, மாணவன், முழங்காலில் கட்டுப்போட்ட கால்பந்துக்காரன்,
ஒரு கைக்குழந்தை.
குழந்தையும் நேராகத்தான் பார்க்க வேண்டும்,
தாயின் கை படத்தில் விழக் கூடாது.
படுதாவுக்குள் ஒளிந்து அவள் பிடித்துக்கொள்வாள்.
மேகம் பிடித்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை.

கேட்காமலே சொல்லிவிடுவேன்:
பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கிறதா?
திரும்பும் நாளுக்கு அப்பாலும் மூன்று மாதம் அதற்கு உயிர் உண்டா?
நேற்றிரவு மச்சானிடம் வாங்கிக் கணக்கில் போட்ட பணம்
கல்யாணத்தில் இரவல் சட்டைபோல்
தனியாகத் தெரியும், ஜாக்கிரதை.
மஞ்சள் காய்ச்சல் அட்டை கைப்பையில் இருக்கட்டும்,
பெட்டியில் அல்ல.
இதற்கெல்லாம் நான் காசு வாங்குவதில்லை.
படத்துக்கு மட்டும்தான்.

அக்பேகோ மூன்று முறை இந்த முக்காலியில் உட்கார்ந்தவர்.
குளிர்பெட்டி பழுது பார்ப்பவர்.
ராட்டர்டாமில் மகள் எசினாமுக்குப் பேறுகாலம்.
முதல் முறை, காப்பீட்டில் ஒரு நாள் குறைந்தது.
இரண்டாம் முறை, அழைப்புக் கடிதத்தில் அவர் பெயருக்கு
ஓர் எழுத்து கூடுதல்.
மூன்றாம் முறை எல்லாம் சரி.
தாளில் ஒரு வரி மட்டும்:
நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில்
நியாயமான ஐயம் உள்ளது.

என் குடைக்கடியில் நின்று
அதை இரண்டு தரம் படித்தார்.
"பட்டறையில் ஏழு பெட்டி
வயிறு திறந்து கிடக்கிறது, ஜிஃபா.
ஊரார் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு
எவனாவது ஓடுவானா?"

அந்தப் படிவம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
வீட்டுக்குக் கட்டம் உண்டு, நிலத்துக்கு உண்டு,
மனைவிக்கு, சம்பளத்துக்கு, முந்தைய பயணங்களுக்கு உண்டு.
அடுத்தவர் குளிர்பெட்டிக்கு இல்லை.

நேற்று மறுபடி வந்தார்.
பழைய படம் ஆறு மாதம் தாண்டிவிட்டது,
செல்லாது என்று சொல்லிக்கொண்டே
படுதாவை இழுத்துக் கட்டினேன்.
"விசாவுக்கு இல்லை."
பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதாம்.
சுவரில் மாட்ட ஒரு படம் கேட்கிறாளாம் மகள்.
"எவ்வளவு பெரிதாகப் போட முடியும்?" என்றார்.
கைகளை அகல விரித்துக் காட்டினார்.
அந்த அளவு
எந்த நாட்டுக்கும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றப் போன கையைத் தடுத்தேன்.
படுதாவை அவிழ்த்தேன்.
பின்னால் சாலை வந்து நின்றது:
கதவு சரியாக மூடாத ஒரு ட்ரோட்ரோ,
தலையில் தண்ணீர்ப் பொட்டலங்களோடு ஒருத்தி,
வேப்பமரத்தில் பாதி.
வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டேன்.

கேமராவைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது,
ஒன்பது வருடமாக இந்தக் குடைக்கடியில்
நான் சொல்லாத சொல் ஒன்று உண்டு.
தொண்டையில் தூசியாக நின்றது அது.
அவரும் காத்திருந்தார்,
உதட்டை இறுக்கி,
நேராகப் பார்த்து,
மூன்று முறை நான் பழக்கியபடி.