வாய் திறந்த வட்டம்

கண்ணில் விழாத ஒளிக்கு
நிறம் கொடுப்பது என் வேலை.
இலை திருப்பியனுப்பும் அகச்சிவப்பை
எந்த மனித விழியும் வாங்கிக்கொள்வதில்லை.
நான் அதைச் சிவப்பென்று எழுதுகிறேன்.
செழித்த மக்காச்சோளம் என் படங்களில் மாதுளை,
காய்ந்த நிலம் சாம்பல் நீலம்.
பச்சைப் பொய் என்கிறார்கள் சிலர்.
பச்சையை மாற்றினேன்,
பொய் சொல்லவில்லை.

சூ ஃபால்ஸிலிருந்து கான்சஸின் மேற்கே
ஒன்பது மணி நேரம் வேனை ஓட்டினேன்.
பின்னால் போர்வையில் சுற்றிய பதினான்கு படங்கள்:
லீனா நதி கடலுக்குள் நரம்பு நரம்பாய்ப் பிரிவது,
நமீப் மணலின் மடிப்புகள்,
கிரீன்லாந்தின் ஓரத்தில் நொறுங்கும் பனி,
கடைசியாக, இந்த ஊரே.

எழுநூற்றைந்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து
இந்த மாவட்டம் வட்டம் வட்டமாய்த் தெரிகிறது.
நடுவில் ஒரு கிணறு,
அதைச் சுற்றி நடக்கும் நீர்க்குழாய்,
குழாய் எட்டும் வரைக்கும் பயிர்.
மூலைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
‘நாணயங்கள்’ என்று பெயர் வைத்திருந்தேன்.
நல்ல பெயர் என்றுதான் நினைத்தேன்.

நூலகத்தில் முதல் நாள் கேக் இருந்தது,
அதனால் கூட்டமும் இருந்தது.
பல் மருத்துவர் ஒருவர் விலை கேட்டார்,
காத்திருப்பு அறை சோபாவுக்கு
அந்தச் சிவப்பு பொருந்துமாம்.
கேக்கைத் தொடாமல்
கண்ணாடிமேல் விரல் வைத்து நின்றார்
டெல்பர்ட் ஷ்ராக்.
“இதை எடுத்தது எப்போ?”
போன ஜூலை பத்தொன்பது,
மதியம் பன்னிரண்டு பதினேழு.
அவர் விரலுக்கடியில் இருந்த வட்டத்தில்
கால் பங்கு இல்லை.
கீழே சிறு எழுத்தில் நான் குறிப்பு எழுதியிருந்தேன்:
‘ஒழுங்கைக் குலைக்கும் அழகான வெட்டு.’

“நான்தான் தண்ணியை நிறுத்தினேன்” என்றார்,
பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டு.
“ஜூன் ஆரம்பத்துல. கிணறு மூச்சு வாங்குது.
முழுசுக்கும் ஊத்தினா முழுசும் போகும்.
கால் பங்கைக் கொடுத்து
முக்கால் பங்கைக் காப்பாத்தினேன்.
தம்பி ஆர்லினுக்குச் சொல்லலை.
அந்தச் சோளத்துல பாதி அவனோடது.”
விரல் பக்கத்து வட்டத்துக்கு நகர்ந்தது.
தம்பியின் வயல். முழு வட்டம், முழு மாதுளை.
கிணறு வேறு.
அடியில் இருக்கும் நீர் ஒன்றுதான்.

கழற்றிவிடட்டுமா என்றேன்.
யோசித்தார்.
“வேண்டாம். அவன் நூலகத்துக்கெல்லாம் வர மாட்டான்.”

மறுநாள் நாலாம் வகுப்பு வந்தது.
முப்பது மீட்டருக்கு ஒரு கட்டம் என்றேன்,
உங்கள் பள்ளிப் பேருந்துகள் எல்லாம்
ஒரே கட்டத்துக்குள் நின்றுவிடும் என்றேன்.
மூக்கு கண்ணாடியில் உரச எண்ணினார்கள்.
“கிட்டப் போனா வட்டமே இல்லை,
எல்லாம் சதுரம்” என்று ஒரு புகார் வந்தது.
நான் சொல்லவேண்டிய பாடத்தில் பாதி அது.
ஹோடன் என்ற சிறுமி கேட்டாள்,
“இதை வரைஞ்சது யாரு?”
வெயில் என்றேன். பிறகு தண்ணீர் என்றேன்.
பிறகு கணினி, பிறகு கொஞ்சம் நான்.
எதுவும் அவளுக்குப் போதவில்லை.

அப்போதுதான் ஒரு பையன் கத்தினான்,
“ஏய், இது மட்டும் வாயைத் திறந்திருக்கு!”
டெல்பர்ட்டின் வயலைச் சுட்டிக்கொண்டு நின்றான்.
சட்டையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டில்
கோணல் எழுத்தில்:
கேலப் ஷ்ராக்.
“இது எங்க பக்கத்து வயல்! அப்பாகிட்ட சொல்லணும்.”

அன்றிரவு படத்தை இறக்கவில்லை.
குறிப்பை மட்டும் கிழித்துவிட்டு
தேதியும் நேரமும் எழுதி ஒட்டினேன்.

பதினாறு நாளைக்கு ஒருமுறை
அதே பாதையில் திரும்பி வருகிறது அது,
யாரையும் தேடாமல்.
அடுத்த ஜூலையில்
மேகமில்லாத நாள் ஒன்றுதான் கிடைத்தது.
வேலை நேரம் முடிந்தபின் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஆர்லினின் வட்டத்திலும் கால் பங்கு சாம்பல் நீலம்.
இரண்டு வாய்கள், எதிரெதிரே.

பேசிவிட்டார்களா,
நீர்தான் இன்னும் இறங்கிவிட்டதா,
என் பதினோரு அலைவரிசைகளில்
எதிலும் அது பதிவதில்லை.

நிறங்களைக் கொடுத்தேன்.
பெயர்க் கட்டத்தை நிரப்பாமல்
சேமித்தேன்.