மூன்று வாய், ஒரு தொண்டை

முதல் மாதிரியை அட்டையில் வெட்டினேன்.
மனாவுஸில் அன்று நாலு மணி மழை
மூன்றரைக்கே வந்துவிட்டது.
பசை காயவில்லை.
பேட்டரிக்குப் பதில் சில்லறைக் காசை அடுக்கி
சமையல் தராசில் வைத்தேன்:
நானூற்றுப் பத்து கிராம்.
"விளையாட்டுப் பெட்டி கேட்டார்கள்,
நீ செங்கல் செய்திருக்கிறாய்" என்றார்
அச்சு வார்க்கும் எவரிஸ்டோ.
சொல்லிவிட்டு, கட்டைவிரல் படும் ஓரத்தை மட்டும்
உளியால் மெல்லச் சீவிக் கொடுத்தார்.

கார்ட்ரிட்ஜ் செருக ஏன் மூன்று வாய்
என்று எல்லோரும் கேட்டார்கள்.
மேல்நதிக்குப் படகில் மூன்று நாள் போகிறவன்
தூளியில் கிடந்தபடி ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால்
ஏதோ ஒன்று ஆற்றில் விழும் என்று
அறிக்கையில் எழுதினேன்.
எழுதாதது:
ஒன்றை வைப்பதற்காக இன்னொன்றைப் பிடுங்குவது
எனக்குக் கைவராது.
இரண்டு நகரம், இரண்டு வாடகை,
இன்னும் கையெழுத்துப் போடாத ஒரு விவாகரத்து.
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்று வாய்க்கும் தொண்டை ஒன்றுதான்.
எட்டுக் கம்பி.
இரண்டு பேர் சேர்ந்து வாய் திறந்தால்
ஒருவர் ஆம் என்பார், ஒருவர் இல்லை என்பார்,
நடுவில் சிப் கொதிக்கும்.
அதனால் ஆளுக்கொரு தனிக் கம்பி இழுத்தேன்:
நீ பேசு.
நீ பொறு.
நீயும்தான்.

கரண்ட் போன ஒரு ராத்திரி
மெழுகுவத்தி வெளிச்சத்தில், பேட்டரியில் ஓட்டி,
ஒன்றுமே செருகாத மூன்றாம் வாயைப் படித்துப் பார்த்தேன்.
பூஜ்ஜியம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.
இருநூற்று ஐம்பத்தைந்து வந்தது.
எட்டுக் கம்பியும் ஒன்று, ஒன்று, ஒன்று.
கீழே இழுக்க ஆளில்லாத கம்பி
தானாக மேலே நிற்கும்;
அதற்கான மின்தடையை வைத்தவளே நான்தான்.
தெரிந்த கணக்குத்தான்.
இருந்தாலும்
வெறும் வாய் இத்தனை பேசும் என்று
எதிர்பார்க்கவில்லை.

கேன்டீனில் மீன் பொரிக்கும் ஸுலெய்ஜியின் மகன்
வால்தெனிர், ஒன்பது வயது,
சோதனைக்கு வந்தான்.
கால்பந்து ஒரு வாயில்,
நீர்மூழ்கி ஒரு வாயில்.
பத்தாம் நிமிடம் அவன் சிரித்த சிரிப்பில்
பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.
மைதானத்தின் நடுவே பாதிக் கப்பல்.
கோல்கீப்பரின் தலை இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு பெரிஸ்கோப்.
புல்லெல்லாம் நீலம்.

தேடினேன். 'நீ பொறு' கம்பியில்
ஈயம் சரியாகப் பிடிக்காத ஒரு கால்.
தொட்டு வைத்தேன், இரண்டு நிமிட வேலை.
இப்போது சரி, ஆடு, என்றேன்.
ஒரு கோல் போட்டான். இன்னொன்று.
பிறகு திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்:
"அந்தக் கப்பல்?"

ஜூலையில் கணக்குப் பிரிவு தனாபே வந்தார்.
ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு பற்கள்,
பல்லுக்குப் பல் தங்கப் பூச்சு,
மூன்றால் பெருக்கிக் காட்டினார்.
மரியாதையான மனிதர். குரல் உயரவேயில்லை.
முதலில் ஒன்றை அடித்தார்.
மதிய சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்றை.
கடைக்குப் போன பெட்டி
நூற்று எண்பது கிராம், அழகு,
சட்டைப்பைக்குள் போகும்.
வாய் ஒன்று.

மாதிரிகளை நசுக்கிவிடச் சொல்லி உத்தரவு.
ஐந்துக்கு நாலுதான் கணக்கில் வந்தது;
ஐந்தாவது எங்கே என்று கேட்டபோது
ஈரத்தில் கெட்டுப்போயிற்று என்றேன்.
இந்த ஊரில் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

அன்று இரவு சூட்டுக்கோலைக் காயவைத்து
நானே ஒட்டிய காலை
நானே நெகிழ்த்தினேன்.
முழுக்க அல்ல. ஒரு மயிரிழை.
ஆட்டினால் தொடும், ஆட்டினால் விடும்.

வால்தெனிர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.
"கப்பல் வந்தால் பத்து நிமிடம்தான்," என்றேன்,
"முதுகுப் பக்கம் சுடும்.
சுட்டால் அணைத்துவிடு."
தலையாட்டினான்.

அணைக்க மாட்டான்.