ஆணியில் ஒரு குடை

சதாம் வீதிக் கப்பல் கம்பெனியில்
எனக்கு அடுத்த மேசை சூசைதாசனுடையது.
தட்டைப் பாதமென்று முதலில் திருப்பி அனுப்பினார்கள்.
இரண்டாம் முறை வேறு டாக்டர்.

ஏனடா போகிறாய் என்றேன்.
"இங்கே என் பெயரைக் கூப்பிட ஆளில்லை,
அங்கே காலையும் மாலையும் கத்துவார்கள்."
குடையை ஆணியில் விட்டுப் போனான்.
லீவில் வந்தால் அதை எடுத்துப் பார்த்துவிட்டு
மறுபடி மாட்டுவான்.

முகத்துவாரத்தில் ஒரு பீரங்கி.
உப்புக்காற்று தின்னாதபடி
இரண்டு வருஷம் எண்ணெய் பூசினான்.
ஒரு கப்பலும் வரவில்லை.

உயிர்த்த ஞாயிறு, பூசை பாதியில் சங்கு.
கொச்சிக்கடையிலிருந்து
அணைக்க மறந்த மெழுகுதிரியோடு ஓடினேன்.
வந்தவை மேலே பறந்தன;
அந்தப் பீரங்கியின் கழுத்து
அவ்வளவு உயராது.
பக்கத்துக் கொட்டகை எரிய
வாளியோடு ஓடினானாம்.
வாளி கிடைத்தது.

தந்தி இங்கிலீஷில்.
ஜம்பட்டா வீதியில், படியில் நின்றபடியே,
பிலோமினாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்:
ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்.
"வருந்துகிற ஆளின் பெயர் போட்டிருக்கா?"
திருப்பிப் பார்த்தேன்.
ஓர் இலக்கம் இருந்தது.
இருக்கிறது என்றேன், ஏதோ ஒரு துரைப்பெயர் சொன்னேன்.
அவள் அதை இரண்டு தரம்
மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

வைகாசி மழை பிடித்துவிட்டது.
கொடுத்துவிடலாமென்று குடையை எடுத்தேன்,
கோட்டை ஸ்டேஷன் வாசலில் விரித்தேன்.
கிறீச்சென்று ஒரு சத்தமில்லை.
விரலில் கறுப்பாக ஒட்டியது
பீரங்கி எண்ணெய்.