ஏழு கரடிகள் கடன்

இரவு பதினொன்று. சமையல் மேடையில் தராசு.
திராட்சை பன் ஒன்று, இருபத்தேழு கிராம் மாவுச்சத்து.
உறைமேல் பேனாவால் எழுதுகிறேன்,
வெண்ணெய்க் கையில் எழுத்து வழுக்குகிறது.
வெள்ளரித் துண்டுக்குக் கணக்கில்லை.
பாலாடைக்கட்டிக்கும் இல்லை.
கணக்கில்லாததையெல்லாம்
வீப்ரனுக்குப் பிடிப்பதில்லை.

ஆப்பிள் நறுக்கினால் கறுக்கும்.
வாழைப்பழம் போன வருடம் பைக்கடியில் செய்த வேலையை
கார் இருக்கை இன்னும் மறக்கவில்லை.
சாக்லேட் உருகும்.
ஆகஸ்ட் கடைசி, ஜாம் வேண்டவே வேண்டாம்:
குளவிகள் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை.
அரிசி வட்டு?
"அட்டையைத் தின்கிற மாதிரி" என்கிறாள் சிட்ஸ்கா,
தூங்கியிருக்க வேண்டியவள், கதவருகே வெறுங்காலோடு.
அட்டையை எப்போது தின்றாய்?
யோசித்து, "நர்சரியில்" என்கிறாள்.

கடைசியாக ஜெல்லிக் கரடிகள்.
இது தின்பண்டம் இல்லை, அண்ணனின் மருந்து,
அவனுக்குச் சர்க்கரை இறங்கினால் மட்டும்.
ஆறு வயதுக்கு இது எப்படிப் புரியும்?
"எனக்கு எப்போம்மா இறங்கும்?"

காலையில் பொட்டலத்தின் மூலை கிழிந்திருந்தது.
லேவார்டனிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம்,
அணைக்கட்டைத் தாண்டும்வரை திட்டினேன்.
கண்ணாடியில் பார்த்தால்
அவள் காற்றாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பூங்காவில் ஒரு மரப்பாம்பு,
வானத்தில் மூன்று முறை புரள்கிற ரயில்.
வரிசை ஐம்பத்தைந்து நிமிடம்.
பைகளை வாசலில் பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள்,
வைத்தேன்.
என்ன எண்ணத்தில் வைத்தேன் என்று
இப்போதும் தெரியவில்லை.

நாற்பதாவது நிமிடம் கைபேசி கத்தியது.
மூன்று புள்ளி நான்கு. அம்புக்குறி கீழே.
முன்னால் நூறு பேர், பின்னால் இருநூறு,
இடையில் வளைந்து வளைந்து இரும்புக் கம்பி.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்,
எனக்குக் கனமில்லாத மடி.
சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடி,
பெட்டகத்தின் சாவி,
போன மாதத்து மளிகைச் சீட்டு.
"என்னைத் தொடாதே" என்றான் வீப்ரன்.
அவனுக்குக் கோபம்தான் முதலில் வரும்,
உதடு வெளுப்பது அதற்கப்புறம்.

சிட்ஸ்கா தரையில் உட்கார்ந்தாள்.
இடது செருப்பைக் கழற்றினாள்.
காலுறையைக் கழற்றி உதறினாள்.
ஒன்றோடொன்று ஒட்டி,
நீல நூல் பிசிறு மூடி,
கால்சூட்டில் முகமிழந்த ஏழு கரடிகள்.

அவன் பார்த்தான்.
வேறொரு நாளாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பான்.
பிசிறோடு தின்றான், ஏழையும்,
விரலை நக்கினான்.
நாங்கள் கம்பியோரம் ஒதுங்கி நின்றோம்.
பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள்.
ஜெர்மன் சட்டை போட்ட ஒருவர் மட்டும் கடக்காமல்,
ஏன் என்று கேட்காமல்,
எங்களுக்கு வெயில் படாமல் நின்றார்.

நான்கு புள்ளி இரண்டு. அம்பு நேரானது.
பாம்பில் ஏறினோம்.
மூன்று புரளலிலும் கண்ணை மூடியவள் நான் ஒருத்திதான்.

வெளியே வந்ததும்
திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று
வார்த்தை தேடினேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"ஏழு. நீ எனக்கு ஏழு தரணும்.
பச்சை வேண்டாம், அவன் தின்னதில் நாலு சிவப்பு."

கடையில் காகிதக் கூம்பு நிறைய
பொரித்த உருளைக்கிழங்கு, மேலே மயோனைஸ்.
தராசு வீட்டில்.
கண்ணாலேயே நிறுத்தேன்: நாற்பது? ஐம்பது?
வீப்ரன் ஊசிக் கருவியில் எண்ணை அழுத்திக்கொண்டே
கூம்பைத் தங்கை பக்கம் சாய்த்தான்,
ரொம்ப இல்லை,
கொஞ்சம்.

குளவி ஒன்று வந்து
அவளுடைய வெறுங்காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.