அக்குளில் முறியாத ஒன்று

ஹரி ராயாவுக்குக் கொதிகலனை அணைத்த
இரண்டே நாளில் சுரண்டி எடுத்தோம்,
பெரிய நீராவிக் குழாயின் தோளிலிருந்து
ஒரு சில்லு. படகு வடிவம்.
இருபது சென் காசு அதன்மேல் சரியாகப் படுக்கும்.
இதற்கு மேல் எடுத்தால் குழாயையே மாற்றணும் என்றார்
இருதயராஜ், கையுறையைக் கழற்றாமல்.

இருபத்திரண்டு வருடம் செம்பனை ஓட்டைத் தின்று
ரெங்கம் மின்னாலை அந்தக் குழாய்க்குள் ஊதியிருக்கிறது.
இரும்பு ஊர்ந்திருக்கும்,
நத்தைக்கே பொறுமை போகும் வேகத்தில்.
எவ்வளவு என்பதுதான் கேள்வி.

வழக்கப்படி ஒரு குச்சி கடைந்து
மேலும் கீழும் இழுக்கலாம்.
ஒரே பக்கம் இழுத்துக் கேட்டால்
எந்த இரும்பும் மரியாதையாகத்தான் பதில் சொல்லும்.
குழாய் அப்படியா வாழ்கிறது?
நீளவாக்கில் ஓர் இழுப்பு,
சுற்றுவாக்கில் அதைப்போல் இரண்டு,
பற்றவைத்த தழும்பின் முறைப்பு வேறு.

ஆகவே சிலுவை வரைந்தேன். நான்கு கை.
நடுவில் ஒரு குழி, அங்கே மட்டும் அரை மில்லிமீட்டர் கனம்.
முறிந்தால் அங்கேதான் முறிய வேண்டும்.

புதுத் தகட்டில் வெட்டிய ஒத்திகைகள் ஏழும்
அக்குளில் முறிந்தன.
கை உடம்போடு சேரும் அந்த மூலை.
வளைவைப் பெரிதாக்கினால் நடு பாரத்தைத் தட்டிக் கழிக்கும்,
சிறிதாக்கினால் விரிசல் அங்கேயே பாய் விரிக்கும்.
கணினித் திரையில் சிவப்பு எப்போதும் மூலைக்கே ஓடியது,
ஒட்டுக்கடையில் விசிறிக்கடி மேசைக்கு ஓடும் ஆட்களைப் போல.

ஒரு நாள் பசியாறும்போது
ரொட்டி சானாயை நீளவாக்கில் கிழித்துக்கொண்டே இருந்தவள்
பாதியில் எழுந்து போனேன்.
கைகளைச் சீப்பு மாதிரி கீறிவிட்டால்?
இழுக்கும்; பக்கத்துக் கையைப் பிடித்து வைக்காது.

லியோங் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"உன் கீறலைவிட என் கம்பி தடிமன்.
மெல்லிசுக் கம்பி ஒரு சுருள் நானூறு வெள்ளி.
யார் கட்டுவது?"
நான்தான் கட்டினேன்.

ஒத்திகையில் எட்டாவது நடுவில் முறிந்தது.
அன்றைக்குத் தனியாகக் கைதட்டினேன்.
அதே அச்சில் அந்தச் சில்லை வெட்டி
டயர்க்கடை மாடியில், உலையில் வைத்திருக்கிறேன்.
அறுநூறு பாகை. நான்கு பக்கமும் எடை.
மூன்று நாளில் நாலு மைக்ரோன் நகர்ந்திருக்கிறது.

இரவு வேலை முடிந்து இருதயராஜ் ஏறி வருகிறார்,
மூச்சு வாங்க, கண்ணாடித் துளையில் குனிகிறார்.
"எத்தனை வருஷம் தாங்கும்னு மட்டும் சொல்லும்மா.
அதுக்கு நேர்கீழதான் என் நாற்காலி."

இந்த உலைக்கு மின்சாரம் வருவதும்
அந்தக் குழாய் வழியாகத்தான்.
சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.
கடைசி இலக்கம் ஒருமுறை துடித்து
ஐந்தாக நின்றது.
நேரத்தை எழுதிக்கொண்டேன்.