கல் சுரண்டுகிறவன்

இரவு ஒன்றே காலுக்கு
காளவாசலில் கடைசி பஸ்ஸும் திரும்பியபின்
அடுப்பை அணைத்துவிட்டுக்
கல்லைச் சுரண்டுவேன்.
சூடு இறங்குவதற்குள் தோசைக்கரண்டியால்
ஒரே வழியாய் வழித்தால் வந்துவிடும்.
நாளைக்கு என்று விட்டால்
கருகல் மேல் கருகல் ஏறி
உளி கேட்கும்.
பதினாறு வருஷமாக இது எனக்குத் தெரியும்.

தெரிந்தும்
கலக்கியின் வாயை
ஒருநாளும் நான் திறந்து பார்த்ததில்லை.

கலக்கி, பூனை.
முட்டை அடித்த டம்ளரை நக்கி வளர்ந்தது.
வெள்ளையும் மஞ்சளுமாய்
பாதி வெந்த நிறம்.
ஆடிக் காற்று தொடங்கிய வாரம்
மத்தி மீன் தலைக்கு ஓடி வரும்,
மோந்து பார்க்கும்,
ஒரு கடி கடிக்கும்,
பிறகு தட்டைப் பார்த்துச் சீறிவிட்டுப்
பின்வாங்கும்.
"ருசி கண்டுபோச்சு மாஸ்டர்,
வஞ்சிரம் கேக்குது" என்றான் சப்ளையர் ஒச்சப்பன்.
நானும் சிரித்தேன்.
தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மென்றது,
தாடையோரம் எச்சில் காய்ந்து கோடாயிருந்தது,
எல்லாம் கண்ணில் பட்டது.
பட்டதோடு சரி.

தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஜெசிந்தா
கட்டைவிரலால் உதட்டைத் தூக்கினார்.
ஈறு முழுக்கக் கோழிக்கடைச் சிவப்பு.
கடைவாயில் பழுப்பாய், சொரசொரப்பாய் ஒன்று.
"கல்" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது,
பாதியில் நின்றது.
"சாப்பாட்டுப் பிசுக்குதான். வழிக்காம விட்டா
ரெண்டு மூணு நாள்ல கல்லாயிடும்.
அதுக்கடியில சீழ்.
பசிக்கும், கடிக்க முடியாது.
பூனை அழாதுங்க,
உக்காருற இடத்தை மாத்தும்."

மயக்க ஊசி போட்டு ஏழு பல் எடுத்தார்கள்.
எவர்சில்வர் தட்டில் அவை விழுந்த சத்தம்
அரிசியில் கல் பொறுக்கிப் போடும் சத்தம்.

நாய்க்கு இன்னும் நேரமிருக்கிறது என்றார்.
மாவு வீசும் சத்தத்துக்குக் காதைத் தூக்குவதால்
அதன் பேர் வீச்சு.
அதற்கு நான் போட்டதெல்லாம் நல்லி எலும்பு.
எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று
சொல்லாத ஆள் மதுரையில் இல்லை.
இடது மேல்வரிசைப் பெரிய பல்லில்
ஒரு சில்லை எலும்பு எடுத்துக்கொண்டிருந்தது.
"நகத்தால அழுத்துங்க.
பள்ளம் விழாத எதையும் கடிக்கக் குடுக்காதீங்க."
வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
பஸ் கம்பியை அழுத்திக்கொண்டே வந்தேன்.

முதல் வாரம் வெறும் விரல்.
உப்பு சேராமல், வெங்காயம் படாமல்
கோழி வெந்த தண்ணீரில் தோய்த்து
நக்கவிட்டேன்.
அப்புறம் விரலில் சுற்றிய மல் துணி.
அப்புறம்தான் குழந்தைப் பிரஷ்.
நம்ம பேஸ்ட் ஆகாது, நாய்க்குத் துப்பத் தெரியாது.
அதற்கென்று கோழி வாசனையில் விற்கிறார்கள்.
விலையைக் கேட்ட முதலாளி
தன் வாயைத் தானே மூடிக்கொண்டார்.
முட்டைப் பரோட்டாவுக்குக் காத்திருந்த லாரிக்காரர்
"பல்லு விளக்கி பள்ளிக்கூடம் அனுப்பப்போறீங்களா?"
என்று கேட்டபோது
அவருடைய முன்பல்லில் பாக்குக் கறை பார்த்தேன்.
சொல்லவில்லை.
வெங்காயம் கூடப் போட்டேன்.

இருநூறு பரோட்டா அடித்த விரல்
வீச்சின் கன்னத்துக்குள் போகும்போது
நடுங்குவது எதற்கென்று தெரியவில்லை.
வெளிப்பக்கம் மட்டும் போதுமாம்.
உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும்.
வலது பக்கம் இருபது எண்ணும்வரை நிற்கும்.
இடது பக்கம், அந்தச் சில்லுக்குக் கிட்டே போனதும்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
பிடித்து அழுத்துவதில்லை.
விட்டுவிடுவேன்.

சாக்கின் மேல் கலக்கி
மசித்த மீனைச் சத்தமாகத் தின்கிறது.
இப்போது தட்டோடு சண்டையில்லை.
அதன் மிச்சப் பல்லுக்கும்
நாளைக் காலை விரல் போகும்.

கல் ஆறிவிட்டது.
இன்றைக்கு இடது பக்கம்
பதினொன்று வரை எண்ணினேன்.