ஜன்னல் வழியாக

படிக்கட்டு குறுகல்.
அதனால் எங்கள் வீடு
ஜன்னல் வழியாக இறங்கியது.

லாரியின் முதுகிலிருந்து நீண்ட ஏணி
நாலாவது மாடியை முட்டி நின்றது.
அதன்மேல் ஓர் இரும்புத் தட்டு
ஏறுவதும் இறங்குவதுமாக.
முதலில் ஃப்ரிட்ஜ்.
அப்புறம் சாப்பாட்டு மேசை,
நாலு காலும் வானத்தைப் பார்க்க.
அப்புறம் எங்கள் மெத்தை.
இல்காஸ் சின்ன வயதில் நனைத்து வரைந்த
தேசப்படங்கள் அத்தனையும் தெரிய,
உஸ்குதாரின் அந்தத் தெரு முழுக்க அண்ணாந்து பார்க்க,
மெதுவாக
மிக மெதுவாக
இறங்கிக்கொண்டிருந்தது.

"மாற்றல்" என்றுதான் சொல்லியிருந்தேன்.
மருந்துக்கடையில், முடிவெட்டுகிறவரிடம்,
மூன்றாம் மாடி முனெவ்வெர் அம்மாவிடம்.
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு சொல்.
போட்டுக்கொண்டு வெளியே போகலாம்.

நடந்தது வேறு.
ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை
அலுவலக வாசலில் அட்டையை வைத்தேன்.
பச்சை எரியவில்லை.
"திருப்பி வைத்துப் பாருங்கள்" என்றார்
பின்னால் நின்றவர், நல்ல மனிதர்.
திருப்பி வைத்தேன்.
துடைத்து வைத்தேன்.
பதினோரு வருடம் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து
அடுத்தவர் விபத்துக்கெல்லாம்
விலை போட்டவன் நான்.

"பணியிலிருந்து விடுவிக்கிறோம்" என்றது கடிதம்.
ஏதோ கூண்டைத் திறந்த தயாளம்.
விடு என்பதைக் கொஞ்சம் நீட்டினால் வீடு.
எங்களுக்கு நீட்ட முடியவில்லை.
ஜூனில் வாடகை இரண்டு மடங்கு என்று
வீட்டுக்காரர் குறுஞ்செய்தி அனுப்பினார்,
கடைசியில் ஒரு பூப்படம் வைத்து.

காலண்டரின் பின்பக்கம் கோடு கிழித்து
நெஸ்லிஹான் கணக்குப் போட்டாள்.
இந்தப் பக்கம் இஸ்தான்புல்,
அந்தப் பக்கம் எஸ்கிஷெஹிர்.
வாடகை. எரிவாயு. பள்ளிக்கூட வேன். தக்காளி.
ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கமே ஜெயித்தது.
கடைசியில் "கடல்" என்று எழுதினாள்.
எதிரே எதுவும் எழுதாமல்
பேனாவை மூடினாள்.

பதினைந்து வயது பெலின்
எட்டு நாள் எங்களோடு பேசவில்லை.
ஒன்பதாம் நாள், "உப்பு" என்றாள்.

லாரி கிளம்பும்போது
முனெவ்வெர் அம்மா ஜாடியோடு இறங்கி வந்தார்.
போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவது வழக்கம்,
தண்ணீர் போலத் தடையில்லாமல் போய்
தண்ணீர் போலத் திரும்பி வரட்டும் என்று.
ஊற்றியதில் பாதி என் ஷூவில்.
துடைக்கக் குனிவதுபோலக் குனிந்து
காதோடு சொன்னார்:
"என் பையனுக்கும் போன வருஷம்
இதே மாற்றல்தான் வந்தது."

ஈரச் சாக்ஸோடு ஐந்து மணி நேரம் பயணம்.

இங்கே ஆறு இருக்கிறது, ஒல்லியாக.
டிராம் இருக்கிறது.
இல்காஸ் ஜன்னல் விளிம்பில் ரொட்டி வைத்துப் பார்த்தான்,
அங்கே கடற்புறாக்களுக்கு வைத்த மாதிரி.
இரண்டு நாள் கழித்து ஒரு காக்கை வந்தது,
சாம்பல் கழுத்தும் சந்தேகமுமாக.
"பரவாயில்லை" என்றான் அதனிடம்.

நெஸ்லிஹான் எட்டு மணி வரை தூங்குகிறாள்.
இத்தனை வருடம் ஐந்து மணிக்கு எழுந்து
இரண்டு பஸ் மாறி ஓடியவள்.
தூக்கத்தில் அவள் முகம் இவ்வளவு அகலம் என்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
எழுப்பாமல் தேநீர் வைக்கிறேன்.
எங்கேயும் போகவேண்டியதில்லை என்பது
காலையில் மட்டும் நன்றாக இருக்கிறது,
ஒரு பதினோரு மணி வரை.

அந்த ஊர்ப் பயண அட்டை என் பர்ஸில் இருந்தது.
இரண்டு படகுப் பயணத்துக்குப் பணம் மிச்சம்.
ஒருவர் போய்வரலாம்.
நேற்றுத் தேடினேன், காணோம்.

பெலினின் பாடப்புத்தகத்தில்
ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கிறது.
மேசையைத் துடைக்கும்போது
அந்தப் புத்தகத்தைத் தூக்கி
அப்படியே
திரும்ப வைத்தேன்.